போர் மந்தத்தைத் தீர்க்குமா? பேரேட்டோடு ஐந்தொகையையும் பார்க்க வேண்டும்

தேவகோட்டையில் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “1930களின் பெருமந்தத்திலிருந்து அமெரிக்காவை மீட்டது இரண்டாம் உலகப் போர்தான் என்று படிக்கிறோம். அப்படியானால் போர் ஒரு நாட்டின் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்தும் என்று எழுதலாமா? தமிழ்நாட்டில் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் வருகிறதே, அதுவும் இந்தக் கணக்கில் சேருமா?”

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலையில்லாத் திண்டாட்டத்தைப் போர் தீர்க்கும். பட்டாளத்துக்கு ஆள் எடுத்து, ஆலைகளுக்கு இரவு பகலாக ஆர்டர் கொடுத்தால் தெருவில் சும்மா நிற்க யார் மிஞ்சுவார்கள்? ஆனால் நாடு செல்வம் பெறுமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் இந்த வாதம் எண்பது ஆண்டுகளாக ஓயாமல் நடக்கிறது.

நம் பக்கத்து வட்டிக்கடைக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. அன்றாடப் பற்றுவரவு பேரேட்டில் ஏறும். ஆண்டு முடிவில் ஐந்தொகை போடுவார்கள். கையிருப்பு என்ன, வர வேண்டியது என்ன, கொடுக்க வேண்டியது என்ன, கடைசியில் நமக்கென்று மிஞ்சுவது என்ன என்பது அதில்தான் தெரியும். பேரேடு பக்கம் பக்கமாக நிரம்பியிருக்கும்; ஐந்தொகையில் போட்ட முதல் (மூலதனம்) கரைந்திருக்கும். அப்படிப்பட்ட கடைகளை நம் முன்னோர்கள் பார்த்திருக்கிறார்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தி என்று இன்று சொல்கிறோமே, அது பேரேட்டு வகை. ஓர் ஆண்டில் எவ்வளவு உற்பத்தி, எவ்வளவு செலவு என்று மட்டும் சொல்லும். அந்தச் செலவில் என்ன இடிந்தது, யார் தலையில் கடன் ஏறியது என்று சொல்லாது. போர்க்காலத்தில் பேரேடு கொழுக்கும். எனவே ஐந்தொகையையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

மந்தம் என்றால் என்ன என்பதை அமெரிக்காவில் தேடுவதற்கு முன் பர்மாவில் தேடலாம். செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு அது ரத்தத்தில் ஊறிய வரலாறு.

1930இல் பர்மாவில் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) போட்டிருந்த முதல் ஏறக்குறைய 75 கோடி ரூபாய் என்று அக்காலத்து வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. ஐராவதி டெல்டாவின் நெல் விவசாயத்துக்கு ஓடிய ரத்தம் அந்தப் பணம்தான். ரங்கூனில் நகரத்தார் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை நிர்ணயிப்பார்கள். அந்த விகிதத்தைப் பார்த்துத்தான் உள்ளூர்க் கடைகளில் கடன் கொடுப்பார்கள். 1930 முடிவதற்குள் நெல் விலை சரியத் தொடங்கி, அடுத்த ஆண்டில் ஏறக்குறைய பாதிக்கு வந்துவிட்டது. நிலம் அதே நிலம், மழையும் பொய்க்கவில்லை, நெல்லும் விளைந்தது. ஆனால் நூறு ரூபாய்க் கடனுக்கு முன்பு எத்தனை கூடை நெல் விற்றால் போதுமோ, இப்போது அதைப்போல் இரண்டு மடங்கு விற்க வேண்டும். கடன் ரூபாயில் இருக்கிறது, விலையோ தரையில் கிடக்கிறது. விவசாயியால் கட்ட முடியவில்லை. கடன் கொடுத்தவர்களுக்கு நிலம் வந்து சேர்ந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930இல் நகரத்தார் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1938இல் 25 சதவீதம். கிட்டத்தட்ட 25 லட்சம் ஏக்கர்.

இதைப் பேராசை என்று பர்மிய அரசியல்வாதிகள் மேடையில் பேசினார்கள். வட்டிக் கடையின் கண்ணால் பார்த்தால் அது பெரும் விபத்து. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வட்டித் தொழில் செய்ய, போனவருக்கு வேண்டியது புரளும் பணம். சேற்று நிலத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? பணம் மண்ணாக மாறி அங்கேயே உறைந்துவிட்டது. மந்தம் என்பதன் உள்ளடக்கம் இவ்வளவுதான்: விலை விழுகிறது, கடனின் பாரம் கூடுகிறது, பணம் உறைகிறது, அடுத்தவர் செலவழிக்கும்வரை தானும் செலவழிப்பதில்லை என்று ஒவ்வொருவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். வயலும் ஆளும் ஆலையும் இருந்தும் இயங்காத நிலை. அந்தக் கட்டை யாராவது அவிழ்க்க வேண்டும்.

இனி அமெரிக்கா. 1929க்கும் 1933க்கும் இடையில் அங்கே உற்பத்தி கால் பங்குக்கு மேல் குறைந்தது. 1930 முதல் 1933 வரை சுமார் 9,000 வங்கிகள் மூடப்பட்டன. 1933இல் நான்கு தொழிலாளர்களில் ஒருவருக்கு வேலை இல்லை. இவையெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கும். புத்தகங்கள் ஒரே வரியில் தாண்டிப் போகும் பகுதி அடுத்து வருவது. அதுவரை டாலரின் மதிப்பு தங்கத்தோடு கட்டப்பட்டிருந்தது; 1933 ஏப்ரலில் அதிபர் ரூஸ்வெல்ட் அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டார். 1934 ஜனவரியில் ஓர் அவுன்ஸ் தங்கத்தின் விலையை 20.67 டாலரிலிருந்து 35 டாலராக உயர்த்தினார். ஹிட்லரைக் கண்டு பயந்த ஐரோப்பியப் பணம் தங்கமாகக் கடல் தாண்டி அமெரிக்காவுக்கு வந்தது. பணப்புழக்கம் பெருகியது, விலை ஏறத் தொடங்கியது, கடனின் பாரம் இளகியது. 1933 முதல் 1937 வரை அமெரிக்க உற்பத்தி ஆண்டுக்குச் சராசரியாக 8 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. ஒரு துப்பாக்கி கூட வெடிக்காத காலத்து வளர்ச்சி அது. மீட்சியின் பெரும்பகுதிக்குப் பணப்புழக்கமே காரணம் என்று பொருளாதார அறிஞர் கிறிஸ்டினா ரோமர் 1992இல் விரிவாக வாதிட்டார். நான் அந்தக் கட்சிதான்.

பிறகு ஏன் மந்தம் முழுதாகத் தீரவில்லை? விழுந்த பள்ளம் அவ்வளவு ஆழம். அது மட்டும் இல்லை. 1937இல் ‘நோய் தீர்ந்துவிட்டது’ என்று நினைத்து அரசு செலவைக் குறைத்தது, மத்திய வங்கியும் வங்கிகளின் கட்டாய இருப்பை (கடன் கொடுக்காமல் ஒதுக்கி வைக்க வேண்டிய பணத்தை) உயர்த்தியது. மருந்தைப் பாதியில் நிறுத்திய கதை. 1938இல் மறுபடியும் சரிவு. அதனால்தான் 1940இல் கூட வேலையின்மை 14.6 சதவீதம் இருந்தது. 1944இல் அது 1.2 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் ‘போர் மீட்டது’ என்கிறார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1939 முடிவிலிருந்தே பிரிட்டனும் பிரான்ஸும் ரொக்கம் கொடுத்து அமெரிக்க ஆலைகளில் ஆயுதம் வாங்கத் தொடங்கிவிட்டன. அமெரிக்காவின் பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கியது 1941 டிசம்பரில். அந்த ஆண்டின் சராசரி வேலையின்மை ஏற்கெனவே 9.9 சதவீதமாக இறங்கியிருந்தது. அதாவது அமெரிக்கா போருக்குள் போவதற்கு முன்பே, அடுத்தவர் போட்ட ஆர்டரிலும் தன் தற்காப்புத் தயாரிப்பிலும் ஆலைகள் சுழல ஆரம்பித்துவிட்டன. அதன் பிறகு வந்த 1.2 சதவீதத்தை எண்ணிப் பார்த்தால் இன்னொன்று விளங்கும். போரின் உச்சத்தில் சுமார் 1.2 கோடி பேர் சீருடையில் இருந்தார்கள். வேலை தேடுகிறவர்களையே பட்டாளத்துக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டு ‘வேலையின்மை ஒழிந்தது’ என்று எழுதினால் அது கணக்கில் சரி. வாழ்வில் சரியா? அவர்களில் நான்கு லட்சத்துக்கு மேற்பட்டோர் திரும்பவே இல்லை.

வீட்டில் இருந்தவர்களின் நிலைமை என்ன? கையில் சம்பளம் தாராளமாக இருந்தது, கடையில் சாமான் இல்லை. 1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தியை முழுவதுமாக நிறுத்தினார்கள். சர்க்கரை, காப்பி, இறைச்சி, பெட்ரோல், டயர், செருப்பு எல்லாம் ரேஷன். வாங்க ஒன்றும் இல்லாததால் மக்கள் தங்கள் வருமானத்தில் ஏறக்குறைய கால் பங்கைச் சேமித்தார்கள்; அதில் பெரும்பகுதி போர்க்கடன் பத்திரமாகப் போனது. உச்ச வருமானவரி 94 சதவீதம் வரை ஏறியது. ராபர்ட் ஹிக்ஸ் என்ற பொருளாதார வரலாற்றாசிரியர், போர்க்காலச் செழிப்பு என்பதே கணக்குப் புத்தகத்தின் மாயை என்று எழுதினார். அவர் சொல்வது கொஞ்சம் அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பத்தாண்டு வேலை இல்லாமல் கிடந்தவனுக்குச் சம்பளக் கவர் கிடைப்பது மாயை இல்லை. ஆனால் 1946ஐப் பார்த்தால் அவர் பக்கமும் நியாயம் இருப்பது தெரியும். போர் முடிந்ததும் கோடிப் பேருக்கு மேல் சீருடையைக் கழற்றினார்கள், அரசுச் செலவு மளமளவென்று இறங்கியது. பழைய மந்தம் திரும்பிவிடும் என்று பால் சாமுவேல்சன் போன்ற பொருளாதார மேதைகள் எச்சரித்திருந்தார்கள். கணக்குப்படி 1946இல் அமெரிக்க உற்பத்தி பத்து சதவீதத்துக்கு மேல் விழுந்தது; பெருமந்தத்தின் மோசமான ஆண்டுகளுக்கு நிகரான வீழ்ச்சி. ஆனால் வேலையின்மை 4 சதவீதத்தை ஒட்டியே நின்றது. மக்கள் காரும் குளிர்பதனப் பெட்டியும் வீடும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். மந்தம் என்று யாரும் உணரவே இல்லை. காரணம், குறைந்தது டாங்கியும் குண்டும். அவற்றை யாரும் சாப்பிட்டதில்லை.

அமெரிக்காவுக்கு இருந்த இன்னொரு வசதியைச் சொல்லாமல் விடக்கூடாது. அதன் ஆலைகள்மீது குண்டு விழவில்லை. கார் ஆலைகளின் நகரமான டெட்ராய்ட் முழுதாக நின்றது. ஜெர்மனியின் ஹாம்பர்க்கும் ஜப்பானின் ஒசாகாவும் எரிந்தன. போட்டியாளர்கள் எல்லோரும் படுத்துவிட்ட சந்தையில் ஒருவர் மட்டும் கடை திறந்து வைத்திருந்தார். இதைப் போரின் பொதுப் பலன் என்று எழுத முடியாது.

போர் இல்லாமல் மந்தத்திலிருந்து எழ முடியும் என்பதற்கு எனக்குப் பிடித்த சாட்சி ஒரு ஜப்பானிய முதியவர். தகஹாஷி கொரெகியோ, நிதி அமைச்சர். 1931 டிசம்பரில் பதவிக்கு வந்ததும் யென்னைத் தங்கத்திலிருந்து விடுவித்தார். யென்னின் மதிப்பு இறங்கியது, ஏற்றுமதி பாய்ந்தது. அரசுக் கடன் பத்திரங்களை மத்திய வங்கியையே வாங்க வைத்து, அந்தப் பணத்தைச் செலவழித்தார். அமெரிக்கா இன்னும் சரிந்துகொண்டிருந்தபோதே ஜப்பான் மீண்டெழத் தொடங்கிவிட்டது. அவர் செலவழித்ததில் ஒரு பங்கு சீனாவின் மஞ்சூரியா மீதான படையெடுப்புக்குப் போனது என்பதையும் சொல்லியாக வேண்டும். முழுக்க அமைதி வழிச் செலவு என்று அவரைப் புகழ முடியாது. ஆனால் அவருக்கு நிறுத்தத் தெரிந்திருந்தது. பொருளாதாரம் சூடேறியதும் ராணுவச் செலவுக்குக் கடிவாளம் போட முயன்றார். 1936 பிப்ரவரி 26 அன்று இளம் ராணுவ அதிகாரிகள் அவருடைய வீட்டுக்குள் புகுந்து அவரைக் கொன்றார்கள். கடிவாளம் பிடிக்க அதன் பிறகு ஆள் இல்லை. ஜப்பானின் ஐந்தொகை என்ன ஆயிற்று என்பது 1945 ஆகஸ்டில் உலகத்துக்கே தெரிந்தது.

ஜெர்மனியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1933 தொடக்கத்தில் 60 லட்சம் பேர் வேலையின்றி இருந்த நாட்டில் ஐந்தே ஆண்டுகளில் ஆள் பற்றாக்குறை வந்துவிட்டது. ஆனால் தொழிற்சங்கங்களைக் கலைத்துவிட்டு, கூலியை உறைய வைத்து, நுகர்பொருளைக் குறைத்து, இறக்குமதிக்கு அந்நியச் செலாவணி இல்லாமல் திணறியபடி எழுப்பிய கட்டடம் அது. அடுத்தவன் சொத்தைக் கொள்ளையடித்தால்தான் நிற்கும் என்ற நிலைக்கு வந்த பொருளாதாரத்தை மீட்சி என்று சொல்ல என் நாக்கு வரவில்லை.

வென்றவர்களின் கதையும் அப்படி ஒன்றும் இனிப்பாக இல்லை. பிரிட்டன் வென்றது. வென்ற கையோடு 1946இல் அமெரிக்காவிடம் 375 கோடி டாலர் கடன் வாங்கியது. அதைக் கட்டி முடித்தது 2006 டிசம்பர் இறுதியில். போர் நடந்தபோது கூட ரேஷனில் வராத ரொட்டி, போர் முடிந்த மறுவருடம் ரேஷனில் வந்தது. உணவு ரேஷன் முற்றாக ஒழிய 1954 ஆயிற்று.

இப்போது நம் வாசலுக்கு வருவோம். பிரிட்டன் தன் போர்ச் செலவில் பெரும் பகுதியை இந்தியாவில் செய்தது. துணி, சணல், தோல், தானியம் என்று வாங்கியதற்கு விலையாக லண்டனில் ஸ்டெர்லிங் (பிரிட்டிஷ் பவுண்ட்) கணக்கில் இந்தியாவின் பெயரில் வரவு எழுதி வைத்தது. இங்கே ரிசர்வ் வங்கி அதைக் காட்டி ரூபாய் நோட்டை அச்சடித்தது. போர் முடியும்போது பிரிட்டன் நமக்குத் தர வேண்டியது சுமார் 130 கோடி பவுண்ட். கடன்காரராக இருந்த இந்தியா கடன் கொடுத்தவராக மாறிவிட்டது என்று இதைப் பெருமையாகச் சொல்வதுண்டு. பேரேட்டில் பார்த்தால் பெருமைதான். அந்த ஆறு ஆண்டுகளில் புழக்கத்தில் இருந்த நோட்டு ஏறக்குறைய ஆறு மடங்காகப் பெருகியது. சாமான் பெருகவில்லை. கோயம்புத்தூர், பம்பாய் ஆலைகளில் லாபம் கொட்டியது. நோட்டு எங்கே முதலில் போய்ச் சேர்ந்ததோ அங்கே இருந்தவர்கள் அரிசியை எந்த விலைக்கும் வாங்கினார்கள். கடைசியாகக் கூலி உயர்ந்தவர்கள், உயராதவர்கள், வங்காளக் கிராமத்து விவசாயக் கூலிகள், மீனவர்கள், அவர்களுக்கு அரிசி எட்டாத பொருளாயிற்று. 1943 வங்காளப் பஞ்சத்தில் இறந்தவர்கள் 20 லட்சம் முதல் 30 லட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். போர்க்காலச் செலவு எழுப்பிய விலைவாசியே அந்தப் பஞ்சத்தின் முக்கியக் காரணங்களில் ஒன்று என்று அமர்த்திய சென் காட்டியிருக்கிறார். அமெரிக்காவில் கடைசித் தொழிலாளிக்கும் வேலை கொடுத்த அதே வகைச் செலவு, கட்டுப்பாடும் ரேஷனும் கிராமத்துக்கு வந்து சேராத இடத்தில் பசியாக இறங்கியது.

பஞ்சத்தின் இன்னொரு காரணம் பர்மா அரிசி நின்றுபோனது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பானியக் குண்டு விழுந்தது. 1942 மார்ச் 8 அன்று நகரமே விழுந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். மற்றவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். லட்சக்கணக்கான இந்தியர்களின் அந்த நடையில் காலராவிலும் பசியிலும் மாண்டவர்கள் பல்லாயிரம் பேர். விட்டுவிட்டு வந்த நிலங்களை, சுதந்திர பர்மா 1948இல் நிறைவேற்றிய நிலத் தேசியமயச் சட்டம் எடுத்துக்கொண்டது. சொல்லத்தக்க இழப்பீடு எதுவும் இங்கே வந்து சேரவில்லை. மிஞ்சியிருந்த கடைகளும் 1960களில் ராணுவ ஆட்சியில் போயின.

என் ஐயா பர்மாவின் பியாபோன் பக்கம் ஒரு வட்டிக்கடையில் கணக்கு எழுதியவர். முதலாளி வீட்டு ஏடுகள் சிலவற்றை நான் பார்த்திருக்கிறேன். போர் முடிந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் ஐந்தொகையில் பர்மா நிலங்கள் இனம் இனமாக, கிராமத்தின் பெயரோடும் ஏக்கரோடும் தொகையோடும் அச்சுக் குலையாமல் எழுதப்பட்டிருந்தன. ஒரு வருடத்து ஏட்டிலிருந்து அடுத்த வருடத்து ஏட்டுக்கு அப்படியே பெயர்த்து எழுதியிருக்கிறார்கள். அடித்துவிட யாருக்கும் மனம் வரவில்லை போலும். அந்த ஏடுகளில் கூட்டல் பிழை ஒன்று கூட இல்லை. தொகைதான் பொய். செட்டிநாட்டில் மந்தத்தைப் போர் எப்படித் தீர்த்தது என்று யாராவது கேட்டால் அந்த ஏட்டைத்தான் காட்ட வேண்டும். மந்தத்தில் உறைந்து கிடந்த முதலைப் போர் இளக்கவில்லை, அடித்துக்கொண்டு போய்விட்டது.

போர் நம் ஊரில் செய்த செலவும் இல்லாமல் இல்லை. செட்டிநாடு கால்நடைப் பண்ணைப் பரப்புக்குள் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் இன்றும் இருக்கிறது. அதைப் போட்டபோது மண் சுமந்தவர்களுக்குக் கூலி கிடைத்திருக்கும், கல்லும் சரளையும் அடித்த வண்டிக்காரர்களுக்கு வாடகை கிடைத்திருக்கும், சுற்றுவட்டாரக் கடைகளில் வியாபாரம் நடந்திருக்கும். செலவு என்ற அளவில் அது பேரேட்டில் ஏறிய நல்ல வரவுதான். போர் முடிந்ததும் விமானம் வருவது நின்றது. ஓடுதளத்தை மறுபடி பயன்படுத்தலாமா என்று அவ்வப்போது பேச்சு எழும், அடங்கும்.

அங்கிருந்து சிறிது தூரத்தில் காரைக்குடியில் இன்னொரு செலவு நடந்தது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தருகிறேன் என்றார். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. நாம் சிக்ரி என்று சுருக்கிச் சொல்கிறோமே, அதுதான். அங்கேயும் மண் சுமந்தார்கள், கூலி வாங்கினார்கள். கட்டி முடித்த பிறகும் அந்த முதல் வேலை செய்துகொண்டிருக்கிறது: துருப்பிடிப்பைத் தடுக்கும் ஆய்வு, மின்கல ஆய்வு, படித்து வெளியேறும் மாணவர்கள், சுற்றி வளர்ந்த ஊர். செலவழித்த அன்றைக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பத்து ஆண்டு கழித்து ஐந்தொகை போட்டால்தான் வித்தியாசம்.

இதைச் சொன்னால் உடனே ஒரு எதிர்க்கேள்வி வரும்: போர் இல்லாவிட்டால் எந்த அரசாவது இவ்வளவு செலவழிக்குமா? நியாயமான கேள்வி. மந்தத்தின்போது இந்தியாவை ஆண்ட அரசு என்ன செய்தது? ரூபாயின் மாற்று விகிதத்தைப் பிடிவாதமாக ஒரு ரூபாய்க்கு 18 பிரிட்டிஷ் பென்ஸ் என்றே வைத்துக்கொண்டது, செலவை வெட்டியது; குடும்பங்கள் நகையை விற்க, தங்கம் கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போனது. கால்வாய் வெட்டக் காசு இல்லை என்ற அதே கஜானா, 1939க்குப் பிறகு நோட்டடித்துத் தள்ளியது. மந்தத்தில் அரசு தாராளமாகச் செலவழிக்க வேண்டும் என்று வாதிட்ட பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் கெயின்ஸும் 1940இல் இதைத்தான் கசப்போடு எழுதினார்: தன் கொள்கையை மெய்ப்பிக்கும் அளவுக்கு ஒரு ஜனநாயக அரசு செலவழிக்கத் துணிவது போர்க்காலத்தில் மட்டும்தான் போலிருக்கிறது என்ற பொருளில். எனவே போர் செய்யும் உண்மையான வேலை அரசியல் வேலை. ‘பட்ஜெட்டில் இடமில்லை’ என்று சொல்கிறவர்களின் வாயை அது அடைக்கிறது. அதற்காக ஒரு போரையே வரவேற்பது, வீட்டுக்காரர் பெட்டியைத் திறக்க வேண்டும் என்பதற்காகத் திருடனை அழைப்பதைவிட மோசம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது: அடுத்தவன் நாட்டில் நடக்கும் போர். 1949இல் அமெரிக்க ஆலோசகர் ஜோசப் டாட்ஜ் போட்ட சிக்கனத் திட்டத்தில் ஜப்பான் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. டொயோட்டா நிறுவனம் திவாலின் விளிம்பில் நின்றது. தொழிலாளர் போராட்டம் வெடித்து, நிறுவனர் கிச்சிரோ டொயோடா 1950 ஜூன் தொடக்கத்தில் தலைவர் பதவியிலிருந்து விலகினார். அதே மாதம் 25ஆம் தேதி கொரியப் போர் மூண்டது. அமெரிக்க ராணுவம் லாரிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. டொயோட்டா பிழைத்தது, ஜப்பானே நிமிர்ந்தது. அதே போர் மலாயாவில் ரப்பர் விலையையும் ஏற்றிவிட்டது. பர்மாவில் எல்லாம் போன பிறகு மலாயாத் தோட்டங்களை நம்பியிருந்த நம்மவர்களுக்கு 1950, 1951 நல்ல காலம். உள்ளூரில் நின்றுபோயிருந்த எத்தனையோ திருப்பணிக்கும் கல்யாணத்துக்கும் அப்போது பணம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். விலை 1952லேயே இறங்கிவிட்டது. அந்த லாபத்தின் மறுபக்கத்தில் கொரியா இருந்தது. சியோல் நகரம் ஒரு வருடத்துக்குள் நான்கு முறை கைமாறியது. லட்சம் லட்சமாக மக்கள் செத்தார்கள். யாருடைய ஐந்தொகையைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் விடை.

போரால் கண்டுபிடிப்புகள் வருகின்றன, பென்சிலினும் ராடாரும் அப்படித்தானே என்பார்கள். பென்சிலின் 1928இல் கண்டுபிடிக்கப்பட்டது. போர் செய்தது பெருமளவு உற்பத்திக்குப் பணம் கொட்டியது. மறுபடியும் பணம்தான்.

அண்மைக்கால உதாரணம் வேண்டுமானால் ரஷ்யாவும் உக்ரைனும் இருக்கின்றன. 2022இல் உக்ரைனின் உற்பத்தி ஒரே ஆண்டில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் அழிந்தது. படையெடுத்த ரஷ்யா 2023இல் 3 சதவீதத்துக்கு மேல் வளர்ந்ததாகக் கணக்குக் காட்டியது. வேலையின்மையும் வரலாறு காணாத அளவுக்குக் குறைந்தது. பலர் வியந்தார்கள். 1944 அமெரிக்காவை நினைவில் வைத்திருப்பவர்கள் வியக்கத் தேவையில்லை. ஆயுத ஆலையும் பட்டாளமும் ஆளை உறிஞ்சிக்கொண்டன, மற்றத் தொழில்களுக்கு ஆள் இல்லை, விலை ஏறியது. அதை அடக்க 2024 அக்டோபரில் மத்திய வங்கி வட்டியை 21 சதவீதமாக உயர்த்தியது. அந்த வட்டிக்குக் கடன் வாங்கி யார் புதிதாக ஒரு துணி ஆலை தொடங்குவார்கள்?

கடைசியாக, பாதுகாப்புத் தொழில் வழித்தடம் பற்றி. சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து மையங்களில் ராணுவத் தளவாடத் தொழிலை வளர்க்கும் திட்டம் அது. தளவாடம் செய்வது வேறு, போர் செய்வது வேறு; எனவே மேலே சொன்னதை அப்படியே இதற்குப் பொருத்த வேண்டாம். நமக்குப் பக்கத்தில் இருக்கும் திருச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கித் தொழிற்சாலை அங்கே 1960களிலிருந்தே இருக்கிறது. கொதிகலன் வேலையை நம்பித் துவாக்குடியில் வளர்ந்த சிறு பட்டறைகளும் இருக்கின்றன. அனல்மின் நிலைய ஆர்டர் குறையும்போது அவர்களுக்கு வேறு ஆர்டர் வருமானால் நல்லதுதான். ஆனால் விளம்பரத்தில் வரும் முதலீட்டுத் தொகையைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கப் பார்க்காதீர்கள். மூன்று விஷயங்களைத் தேடிப் பாருங்கள். அந்தத் தளவாடத்தின் எஞ்சினும் மின்னணுச் சாதனமும் எங்கிருந்து வருகின்றன. வெளிநாட்டிலிருந்து வந்தால் செலவின் பெரும்பகுதி இங்கே சுழலாது. அரசு ஒருவரே வாங்குபவர் என்றால், ஆர்டர் வராத ஆண்டில் பட்டறைக்காரர் சம்பளம் எதிலிருந்து கொடுப்பார். அங்கே பழகிய தொழில்நுட்பமும் இயந்திரமும் பம்புக்கோ மருத்துவக் கருவிக்கோ ரயில்பெட்டிக்கோ திரும்பப் பயன்படுமா. இவற்றுக்கு விவரம் கிடைத்தால் எழுதுங்கள், நானும் படிக்கிறேன்.